‘ஆக்ஸன்ஃப்ரீ’ போன்ற ஒரு விளையாட்டை நம் கடற்கரையை வைத்து எழுத முடியுமா?

மண்டபம் என்ற ஊரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: “ஆக்ஸன்ஃப்ரீ என்ற வீடியோ கேமை விளையாடி முடித்தேன். அதில் சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, பேய்கூட அதிகம் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் பல நாட்கள் மனதை விட்டு அகலவில்லை. அது எப்படி? தனுஷ்கோடியை வைத்துத் தமிழில் அப்படியொரு விளையாட்டை எழுத நானும் நண்பர்களும் ஆசைப்படுகிறோம். முடியுமா?”

முடியும் என்பதே என் பதில். தனுஷ்கோடியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காரணத்துக்கு வருமுன் மூல விளையாட்டு எதனால் ஆனது என்பதைப் பார்த்துவிட வேண்டும். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன் என்பதால், இன்னும் விளையாடாதவர்கள் விளையாடிவிட்டுப் படிப்பது நல்லது.

ஆக்ஸன்ஃப்ரீ 2016 ஜனவரியில் வெளிவந்தது. ஷான் கிராங்கெல், ஆடம் ஹைன்ஸ் என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் தொடங்கிய நைட் ஸ்கூல் ஸ்டுடியோ என்ற சிறு நிறுவனத்தின் முதல் படைப்புகளில் ஒன்று அது. 2021-இல் அந்த நிறுவனத்தை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட எட்வர்ட்ஸ் தீவுக்கு, ஒரு காலத்தில் ராணுவத் தளமாக இருந்து இப்போது ஆளரவமற்றுக் கிடக்கும் அந்த இடத்துக்கு, ஐந்து பதின்வயதினர் ஓர் இரவைக் கழிக்க வருகிறார்கள். நாம் அலெக்ஸ் என்ற பெண்ணாக விளையாடுகிறோம். அவளுடைய அண்ணன் மைக்கேல் நீரில் மூழ்கி இறந்துவிட்டான். அம்மாவின் மறுமணத்தால் புதிதாக அண்ணன் முறைக்கு வந்திருக்கும் ஜோனாஸ், பால்ய நண்பன் ரென், ரென் விரும்பும் நோனா, மைக்கேலின் காதலியாக இருந்து அவன் சாவுக்கு அலெக்ஸைக் குற்றம் சொல்லும் கிளாரிசா ஆகிய நால்வரும் உடன் இருக்கிறார்கள். தீவின் குகை ஒன்றில் அலெக்ஸ் தன் கையடக்க வானொலியைத் திருக, எங்கோ ஒரு கதவு திறந்துகொள்கிறது. கதையின் தொடக்கம் அவ்வளவுதான்.

அந்த விளையாட்டின் உயிர், என் கணிப்பில், பேச்சில் இருக்கிறது. இதை நீங்கள் விளையாடும்போதே உணர்ந்திருப்பீர்கள். அலெக்ஸ் நடந்துகொண்டே இருக்கும்போது அவள் தலைக்கு மேல் இரண்டு மூன்று பேச்சுக் குமிழ்கள் தோன்றுகின்றன. ஒன்றைத் தேர்ந்தால் அவள் அதைச் சொல்கிறாள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன் தேர்ந்தால் அவர் பேச்சு நடுவில் அறுபடுகிறது. எதையும் தேராமல் விட்டால் குமிழ்கள் மெல்ல மறைந்து, அலெக்ஸ் மௌனமாக இருந்தாள் என்று கணக்காகிறது; மற்றவர்கள் அந்த மௌனத்தையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டு மேலே பேசுகிறார்கள். உலகம் நமக்காக ஒரு நொடியும் நிற்பதில்லை. 2015-இல் வந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ விளையாட்டும் பதின்வயதினரையும் அமானுஷ்யத்தையும் பற்றியதுதான். ஆனால் அதில் முக்கியமான தேர்வு வரும்போது காட்சி நின்று காத்திருக்கும், பிடிக்காவிட்டால் காலத்தைப் பின்னுக்கு இழுத்து வேறொன்றைச் சொல்லிப் பார்க்கலாம். அது வேறு வகை அழகு. அங்கே நாம் யோசித்து முடிவெடுக்கிறோம். ஆக்ஸன்ஃப்ரீயில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோமே என்று நடக்கிறோம். பதினேழு வயதில் நண்பர்களோடு பேசிய எவருக்கும் அந்தத் தவிப்பு தெரியும். அண்ணனைப் பறிகொடுத்த பெண்ணிடம் அண்ணனைப் பற்றிக் கேட்கிறார்கள், குமிழ்கள் தோன்றுகின்றன, மூன்றில் எதுவும் சரியாக இல்லை, நேரம் கரைகிறது. துக்கத்தைக் கதையாகச் சொல்வதைவிட விளையாட்டின் விதியாகவே ஆக்கிவைத்த இடம் அது.

இரண்டாவது உயிர்நாடி வானொலி. தீவின் ஆவிகள் கோரைப்பல்லோடு பாய்வதில்லை. அவை 1943-இல் கனலோவா என்ற நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்கள். எதிரி அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை. சொந்த நாட்டுக் கப்பலே தவறாகத் தாக்கியது, தகவல் தொடர்பில் பணியாற்றிய மேகி ஆட்லர் ஒரு செய்தியைப் பிழையாகப் புரிந்துகொண்டதால். இறந்தவர்களாகவும் இல்லாமல், உயிரோடும் இல்லாமல், காலத்துக்கு வெளியே சிக்கிக்கொண்ட அவர்கள் வானொலி அலைகள் வழியாகத்தான் பேசுகிறார்கள். பழைய ஒலிபரப்புகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி ஒட்டியதுபோல் அவர்கள் வாக்கியங்கள் கேட்கின்றன. நண்பர்களின் உடலில் புகுந்து பேசும்போது கண்கள் சிவக்கின்றன என்பதைத் தவிரப் பெரிய உருவக் காட்சி எதுவும் இல்லை. நாம் செய்வதெல்லாம் முள்ளைத் திருகி அலைவரிசையைத் தேடுவதுதான். இரைச்சலுக்கு நடுவில் பாட்டு, விளம்பரம், சங்கேதம், யாரோ ஒருவரின் அழைப்பு என்று தேடிக்கொண்டே போகையில், நாம் அவர்களைத் தேடுகிறோமா, அவர்கள் நம்மைத் தேடுகிறார்களா என்ற ஐயம் எழுகிறது. எஸ்சிஎன்டிஎஃப்சி என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளரின் பின்னணி இசையும் பழைய ஒலிநாடாவின் தேய்மானத்தோடு கேட்பதால் இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் எல்லை அழிந்துவிடுகிறது. ஓவியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிலக்காட்சியில் மனிதர்கள் மிகச் சிறியவர்களாகத் தெரிகிறார்கள், முகபாவம் கண்ணுக்குப் படாததால் குரல் மட்டுமே உணர்ச்சியைச் சுமக்கிறது.

உங்கள் மனதில் நின்றது இவை அனைத்தும் கூடும் இடமாக இருக்க வேண்டும். கதையின் கடைசியில் அலெக்ஸுக்கு இறந்தகாலத்தில் மைக்கேலோடு பேசும் வாய்ப்பு கிடைக்கிறது. அவனுக்கு நாம் சொல்லும் யோசனையைப் பொறுத்து அவன் உயிரோடு இருக்கும் முடிவும் உண்டு. ஆனால் அந்த முடிவில் ஜோனாஸ் அவள் வீட்டுக்கு வந்தவனே அல்ல என்றாகிவிடுகிறது. அந்த இரவு முழுவதும் தோளோடு தோள் நின்றவனை இழந்துதான் அண்ணனைப் பெற முடியும். கிளாரிசாவை ஆவிகளிடம் விட்டுவிட்டுத் தப்பிக்கவும் விளையாட்டு வழி வைத்திருக்கிறது. ஆவிகளின் கோரிக்கையும் அலெக்ஸின் ஆசையும் ஒன்றே: நடந்ததை நடக்காததாக்க வேண்டும். அந்த ஒற்றுமை புரியும்போது பயம் இரக்கமாக மாறிவிடுகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். இந்த வடிவம் இராமநாதபுரம் கடற்கரைக்கு இயல்பாகவே பொருந்தும் என்று நான் நம்புவதற்கு முதல் காரணம் வானொலிதான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. கே.எஸ். ராஜாவின் குரலையும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கு இருக்கிறது. முள்ளைக் கொஞ்சம் திருகினால் தமிழ், இன்னும் கொஞ்சம் திருகினால் சிங்களம், நடுவில் கடல் இரைச்சல் என்பது இங்கே கற்பனை அல்ல. பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி இயங்குகிறது. படகுக்குப் படகு பேசுவது வாக்கிடாக்கியில். காற்று எப்படி, வலை எப்படி, யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சிறு பெட்டியில்தான் வருகிறது. 2023-இல் வந்த ஆக்ஸன்ஃப்ரீயின் இரண்டாம் பாகத்தில் கதாநாயகி ரைலியின் கையில் வானொலியோடு வாக்கிடாக்கியும் இருக்கிறது. முகம் தெரியாத பலரோடு அவள் அதில் பேசிப் பழகுகிறாள். கரையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கடலில் இருப்பவரின் குரல் திடீரென்று அறுந்துபோவது என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர்கள் கற்பனையால் எட்ட வேண்டியிருந்த இடத்தில் நாம் ஏற்கெனவே நிற்கிறோம்.

அப்படியானால் தனுஷ்கோடி ஏன் கூடாது? 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டுமுன் அலையில் சிக்கியது. அதில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் பெரும்பாலானவை சிதைந்தன, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீட்கப்பட்டது. இவையெல்லாம் பாடப்புத்தகச் செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் அன்று உறவினரைப் பறிகொடுத்தவர்கள் இராமேசுவரத்திலும் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இன்றும் வாழ்கிறார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுலா வண்டிகள் ‘பேய் நகரம்’ என்று கூவி அழைத்துப் போவதே போதும் போதும் என்றிருக்கிறது. உங்கள் விளையாட்டில் அந்த ரயிலின் பயணிகளை ஆவிகளாக்கினால், எவ்வளவு மரியாதையோடு எழுதினாலும், யாரோ ஒருவரின் பாட்டியை வைத்துத்தான் பயமுறுத்தப் போகிறீர்கள்.

ஆக்ஸன்ஃப்ரீயை எழுதியவர்கள் இந்த இடத்தில் செய்ததைக் கவனியுங்கள். அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்தில் பழைய கடற்காவல் கோட்டைகள் உண்மையாகவே உள்ளன, இரண்டாம் உலகப்போரும் உண்மை. ஆனால் எட்வர்ட்ஸ் தீவும் கனலோவாவும் மேகி ஆட்லரும் கற்பனை. துயரத்தின் தன்மையை வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், இறந்தவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் மன்னார் வளைகுடாவில் வரைபடத்தில் இல்லாத ஒரு தீவை உண்டாக்கிக்கொள்ளலாம். உண்மையில் அங்கே கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பொதுமக்கள் நினைத்தபடி இறங்க முடியாது, இரவு தங்கவும் முடியாது. ஐந்து பேர் திருட்டுத்தனமாக ஒரு வள்ளத்தில் போய் இறங்கினார்கள் என்றால் உதவிக்கு யாரையும் அழைக்க முடியாத நிலை தானாகவே அமைந்துவிடும். அழைத்தால் வனத்துறை வரும், படகு யாருடையது என்ற கேள்வி வரும், தந்தையின் தொழில் போகும். பேய் வருமுன்பே கதையில் இறுக்கம் வந்துவிடுகிறது.

காலத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான யோசனை உண்டு. 1996-ஆம் ஆண்டு இலங்கை தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. முதலில் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னே போய், சில மாதங்களில் அரை மணி நேர வேறுபாட்டுக்கு வந்து, 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்து, பிறகுதான் மீண்டும் இந்திய நேரத்தோடு சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் நம் கரையில் உட்கார்ந்து இலங்கை ஒலிபரப்பைத் திருப்பியவர்களுக்கு, இங்கே ஒன்பது மணியாகும்போது அங்கே ஒன்பதரை என்று அறிவிக்கும் குரல் கேட்டது. காலம் மடங்கித் திரும்பும் கதைக்கு இதைவிட நல்ல வித்து எங்கே கிடைக்கும்? முதல் முறை அந்த அறிவிப்பு வரும்போது விளையாடுபவர் அதை அக்கரை நேரம் என்று கடந்துபோவார். இரண்டாம் முறை வித்தியாசம் நாற்பது நிமிடமாகியிருக்கும். மூன்றாம் முறை அறிவிப்பாளர் இன்னும் நடக்காத ஒன்றைச் செய்தியாக வாசிப்பார். 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் கதையை வைத்தால் எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்காது என்ற வசதியும் கூடவே கிடைக்கிறது. அத்தியாயங்களைப் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணால் பிரிக்கலாம். ஒன்றாம் எண்ணில் தொடங்கி ஏறிக்கொண்டே போனால் நம் ஊர்க்காரருக்கு எந்த விளக்கமும் இல்லாமல் நெஞ்சு படபடக்கும்.

ஆவிகள் யார் என்பது உங்கள் முடிவு. போர்க்காலத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவில் அகப்பட்ட, எந்தக் கணக்கிலும் சேராத ஒரு கற்பனைப் படகின் மனிதர்களாக இருக்கலாம். மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, யாராவது வருவார்களா என்று காத்துக் கிடந்த குடும்பங்களின் அனுபவம் இங்கே உண்மையிலேயே உண்டு. அவர்களில் பலர் பிறகு மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்தார்கள். இதைத் தொடும்போதும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும். எழுதுமுன் முகாமில் வாழ்ந்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள்.

ஜோனாஸின் இடத்தை இங்கே யார் நிரப்புவார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அம்மாவின் மறுமணத்தால் வந்த அண்ணன் என்பது நம் ஊரில் வேறு சில சுமைகளைக் கொண்டுவந்து கதையைத் திசை மாற்றிவிடும். அதற்குப் பதில், தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து முகாமுக்கு வந்து, பிறகு உறவு முறையில் இவர்கள் வீட்டோடு தங்கிவிட்ட பெரியம்மா மகனாக அவன் இருக்கலாம். முறைப்படி அண்ணன், ஆனால் நேற்று வரை கண்டதில்லை. கதாநாயகி அவனை “அண்ணே” என்று அழைப்பாளா, பெயர் சொல்வாளா, எந்த விளியும் இல்லாமல் பேசுவாளா என்பதைப் பேச்சுக் குமிழ்களிலேயே வைத்துவிடலாம். இறந்துபோன சொந்த அண்ணனை மட்டுமே அப்படி அழைத்தவள், விளையாடுபவரின் விரலால் முதன்முறையாக இவனை “அண்ணே” என்று அழைக்கும் நேரம் கதையின் பெரிய திருப்பமாக இருக்கும். வேறு எந்த வசனமும் தேவையில்லை. கீழக்கரையிலிருந்து வரும் தோழி தன் அண்ணனைக் “காக்கா” என்பாள், தங்கச்சிமடத்துப் பையன் பேச்சில் மாதா கோயில் திருவிழா வரும். இராமநாதபுரம் கடற்கரையில் ஐந்து நண்பர்கள் என்றால் இவர்கள் எல்லாரும் இருப்பார்கள். வடகடலுக்கும் தென்கடலுக்கும் காற்று வேறு என்பதை அறிந்தவர்களாகப் பேசட்டும். வாடைக்காற்றில் எந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும் என்பது கதையில் தப்பிக்கும் வழியைத் தீர்மானிக்கட்டும்.

தமிழ் வீட்டின் பேச்சும் சமையலும் விளையாட்டாக முடியுமா என்ற சந்தேகத்தை 2023-இல் வந்த ‘வெண்பா’ தீர்த்து வைத்துவிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய அந்தச் சிறிய விளையாட்டு உலகெங்கும் விளையாடப்பட்டது. உள்ளூர்த்தன்மையைக் குறைத்தால்தான் வெளியூர்க்காரருக்குப் புரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடைமுறைக்கு வந்தால், முதல் சிக்கல் எழுத்துரு. தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டாலும் திரையில் முன்னால் வர வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்தில் இருபுறமும் குறி வர வேண்டும். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட் மெஷ் ப்ரோ இதைத் தானாகச் செய்வதில்லை, எழுத்துகள் சிதறித் தெரியும். அதே வகை மென்பொருளான கோடாட் 4 இந்த வேலையை உள்ளுக்குள்ளேயே சரியாகச் செய்கிறது, விலையும் இல்லை. கிளைபிரியும் உரையாடலை எழுத இங்க்கிள் நிறுவனத்தின் ‘இங்க்’ என்ற இலவச எழுத்துமொழி போதும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. குமிழ் சில நொடிகளில் மறையும் என்றால் அதில் இருப்பதைப் படித்துவிட முடிய வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துத் தமிழில் ஒரு முழு வாக்கியத்தைப் போட்டால் பாதி படிப்பதற்குள் நேரம் போய்விடும், வேண்டுமென்று மௌனமாக இருந்தவருக்கும் படிக்க முடியாமல் போனவருக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். ஆகவே குமிழில் “வேணாம்”, “நீ போ”, “அண்ணன் பேச்ச எடுக்காத” என்ற அளவுக்குப் பேச்சுத்தமிழில் இரண்டு மூன்று சொற்களே இருக்கட்டும். முழு வாக்கியத்தைக் குரல் சொல்லட்டும். அந்தக் குரல்களுக்குச் சென்னையில் ஆள் தேட வேண்டாம், பாம்பனிலும் வேதாளையிலும் உங்கள் வயதில் இருப்பவர்களே பேசட்டும்.

முழுக்கதையை இப்போது எழுதாதீர்கள். மூன்று பேர் வள்ளத்தில் தீவை நோக்கிப் போகும் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எழுதி, படமே இல்லாமல், குமிழ்களும் குரலும் என்ஜின் சத்தமும் வானொலி இரைச்சலும் மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். வீடியோ கேமே விளையாடாத ஒருவரிடம், முடிந்தால் கடலுக்குப் போகும் ஒருவரிடம், அதைக் கொடுத்துவிட்டு அவர் எந்த இடத்தில் வேண்டுமென்றே மௌனத்தைத் தேர்ந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இடத்திலாவது அப்படி நடந்திருந்தால் அடுத்த காட்சியை எழுதத் தொடங்கலாம். நடக்கவில்லை என்றால் தீவைத் தொடாமல் வள்ளத்துப் பேச்சையே மறுபடி எழுதுங்கள்.